வெளியே ஒன்றுமே தெரியவில்லையே, அப்புறம் எப்படி மூளையில் ரத்தக்கசிவு?

கடிதம் எழுதியிருப்பவர் ஒரு தந்தை. முதல் குழந்தை, பெண். 29 வாரத்தில், 1,180 கிராம் எடையில் பிறந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் தலையில் ஸ்கேன் எடுத்த டாக்டர், இடது பக்கம் கிரேடு 2, வலது பக்கம் கிரேடு 1 ரத்தக்கசிவு என்று சொல்லியிருக்கிறார். அதுவரை வலிப்பு இல்லை, நிறம் மாறவில்லை, குழந்தை எப்போதும்போல்தான் இருந்தாளாம். நான்கு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில் 'வென்ட்ரிக்கிள் சற்றே விரிந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒன்பது வாரக் குழந்தை. வீட்டுக்கு வந்து எட்டு நாளாகிறது. 40 வாரக் கணக்கு நிறையும்போது அடுத்த ஸ்கேன்.

அவருடைய கேள்விகள் இவை. ஐந்து நாள் கவனிக்காமல் விட்டுவிட்டு இப்போது மழுப்புகிறார்களா? முதல் நாளே சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்கும் என்கிறார்கள் உறவினர்கள், அடுத்ததைத் தள்ளிப் போடலாமா? ஒரே வாரத்தில் தலைச் சுற்றளவு 31.5 செ.மீ.யிலிருந்து 32.3 ஆகியிருக்கிறதே, தூக்கத்தில் கை கால் வெட்டுகிறதே, இதெல்லாம் ஆபத்தா? 'ஏழாம் மாதம் வரை வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று' என்று மனைவி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. போகிற போக்கில் தங்கையின் குழந்தையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்: நிறைமாதம், வாக்கும் (தலையில் பொருத்தி இழுக்கும் உறிஞ்சு கருவி) வைத்து எடுத்த பிரசவம், தலையில் ஒரு வீக்கம். அந்தக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஸ்கேனை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் மகளுக்கு எடுப்பது அல்ட்ராசவுண்ட். கர்ப்பகாலத்தில் உங்கள் மனைவிக்கு வயிற்றில் எடுத்தார்களே, அதே வகைதான். ஒலி அலை மட்டுமே. கதிர்வீச்சு துளியும் கிடையாது. உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடாததால் அதன் மேல் கருவியை வைத்தாலே மூளையின் நடுப்பகுதி தெரிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம். உங்கள் உறவினர்கள் சொல்லும் கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனுக்குப் பொருந்தும். அதைத்தான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

அறிகுறி இல்லை என்பதை நம்ப முடியாது

மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் வென்ட்ரிக்கிள் என்கிறோம். இரண்டு பக்கத்து அறைகளின் ஓரத்தில், கருவில் மூளைச் செல்கள் உருவாகி மேலே கிளம்புகிற மெல்லிய திசு ஒன்று உண்டு. 34, 35 வாரம் ஆகும்போது அது பெரும்பாலும் தானே சுருங்கி மறைந்துவிடும். 29 வாரத்தில் பிறந்த உங்கள் மகளுக்கு அது இன்னும் இருந்தது. அதில் ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மிக மெல்லியது. தாங்கிப் பிடிக்கத் தசையும் நாரும் போதாது. பிறந்த முதல் சில நாட்களில் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும், மூச்சு தடுமாறும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும், குறையும். நிறைமாதக் குழந்தையின் மூளை இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவிலும் தனக்கு வரும் ரத்த ஓட்டத்தை ஓரளவு சீராக வைத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தையால் அது சரியாக முடியாது. குழாய் கசிகிறது. இப்படிப்பட்ட கசிவுகளில் சுமார் பாதி முதல் நாளிலேயே நடந்துவிடும். மிகப் பெரும்பாலானவை 72 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

'அப்படியென்றால் குழந்தை ஏதாவது காட்டியிருக்க வேண்டாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். பெரிய கசிவு என்றால் காட்டும். குழந்தை திடீரென்று வெளுத்துப்போகும், மூச்சு நின்று நின்று வரும், இதயத் துடிப்பு குறையும், வலிப்பு வரும், உச்சிக்குழி விம்மும், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கியிருக்கும். நடுத்தரக் கசிவில் குழந்தை ஒருநாள் துவண்டும் ஒருநாள் தேறியும் இருக்கும். அனுபவமுள்ள நர்ஸ் 'இன்னிக்கு இவ சரியில்லை' என்பார், அவ்வளவுதான் தெரியும். சின்னக் கசிவோ பெரும்பாலும் ஒன்றையுமே காட்டாது.

இது 1978-லேயே தெரிந்த விஷயம். 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 46 குழந்தைகளுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரிசையாக சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள் பாப்பைல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும். 20 குழந்தைகளுக்குக் கசிவு இருந்தது. கசிவு இருந்தும் பிழைத்த ஒன்பது குழந்தைகளில் ஏழு பேரிடம் வெளியே எந்த அடையாளமும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிற கிரேடு 1, 2 என்ற கணக்கு அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். அறிகுறிக்காகக் காத்திருந்தால் பல கசிவுகள் தவறிப்போகும் என்பதால்தான் இன்று 30 வாரத்துக்குள் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும், நன்றாக இருந்தாலும், ஸ்கேன் எடுக்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2020 பரிந்துரைப்படி முதல் ஸ்கேன் பிறந்து ஏழு முதல் பத்து நாளுக்குள், அடுத்தது நான்கு முதல் ஆறு வாரத்தில், பிறகு நிறைமாதக் கணக்கு வரும்போதோ டிஸ்சார்ஜுக்கு முன்போ இன்னொன்று. உங்கள் மகளுக்கு ஐந்தாம் நாளிலும் நான்காம் வாரத்திலும் எடுத்திருக்கிறார்கள். இதில் தாமதம் இல்லை.

முதல் நாளே எடுத்திருந்தால்? ஒன்றும் இல்லை என்று வந்திருக்கலாம், மறுநாள் கசிந்திருக்கலாம். கசிவு தெரிந்திருந்தால்கூட அதை நிறுத்தவோ கரைக்கவோ மருந்து கிடையாது. ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்வோம். மற்றபடி ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் சீராக வைப்பது, குழந்தையை அதிகம் அசைக்காமல் பார்ப்பது, இவைதான் சிகிச்சை. என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் முதல் மணியிலிருந்தே செய்வது அது. சி.டி. ஸ்கேனுக்காக 1,180 கிராம் குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, வேறு அறைக்குக் கொண்டுபோய், கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். சி.டி.க்கும் இடம் உண்டு. வீட்டில் இருக்கும் குழந்தை திடீரென்று மயங்கிக் கிடந்தால், மூளையை ரத்தம் அழுத்துகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்தாக வேண்டியிருந்தால், அப்போது தயங்காமல் எடுப்போம்.

மறைத்தார்களா என்ற கேள்வி

உங்கள் கோபத்தை நான் ஒதுக்கவில்லை. 29 வாரக் குழந்தைக்கு ஸ்கேனே எடுக்காமல் விட்டிருந்தால், எடுத்தும் முடிவைச் சொல்லாமல் இருந்திருந்தால், வலிப்பைப் பார்த்தும் பேசாமல் இருந்திருந்தால், அடுத்த தேதி கொடுக்காமல் அனுப்பியிருந்தால், அது தவறு என்று நானே எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது: 'இந்த வாரத்தில் பிறந்தால் இப்படிக் கசிவு வர வாய்ப்பு உண்டு, அதற்காக இன்ன நாளில் ஸ்கேன் எடுப்போம்' என்று குழந்தை பிறந்த அன்றே யாரும் உங்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. பேசியிருந்தால் ஐந்தாம் நாள் அந்தச் செய்தி தலையில் இடி விழுந்த மாதிரி வந்திருக்காது. எங்கள் துறையில் அடிக்கடி நேரும் குறை இது. அதை அந்த டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நகல், படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பதிலும் தப்பில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: டாக்டரை மாற்றும் அலைச்சலில் ஸ்கேன் தேதி கைநழுவிப் போகக் கூடாது. அப்படித் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கிரேடு என்ன சொல்கிறது

கிரேடு 1 என்றால் ரத்தம் அந்த மெல்லிய திசுவுக்குள்ளேயே நின்றுவிட்டது. கிரேடு 2 என்றால் பக்கத்து அறைக்குள் கொஞ்சம் வந்திருக்கிறது, ஆனால் அறையை விரிக்கவில்லை. அறை நிறைந்து விரிந்தால் கிரேடு 3. மூளைத் திசுவிலேயே ரத்தம் இருந்தால் கிரேடு 4; அங்கே பெரும்பாலும் நடப்பது, சிரை அடைபட்டு அந்தப் பகுதி சேதமாகி, அதில் ரத்தம் ஊறுவது. கை கால் இறுக்கம், நடை பாதிப்பு போன்ற பெரிய கவலைகள் 3, 4-இல்தான் அதிகம். 1, 2 உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் நடந்து, பேசி வளர்கிறார்கள். அதற்காக 'ஒன்றும் ஆகாது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டேன். 29 வாரத்தில் பிறந்ததாலேயே வளர்ச்சியைச் சில வருடங்கள் கவனிக்க வேண்டும், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் கவனம் முழுக்க இரண்டாவது ரிப்போர்ட்டில் இருக்கும் 'சற்றே விரிந்திருக்கிறது' என்ற வரியில்தான். கசிந்த ரத்தம் கரையும்போது அதன் துகள்கள் மூளைநீர் வடியும் வழியை அடைக்கலாம். நீர் தேங்கினால் அறை விரியும். பல குழந்தைகளுக்கு இது கொஞ்சம் விரிந்து தானே நின்றுவிடும். சிலருக்கு நிற்காது, முதுகில் ஊசி வைத்தோ, உச்சித் தோலுக்கடியில் சின்னக் கருவி வைத்தோ நீரை எடுக்க வேண்டிவரும், அதற்கும் அடங்காவிட்டால் ஷன்ட் என்ற குழாய். இதில் நேரம் முக்கியம். அடுத்த முறை 'சற்றே' என்ற சொல்லோடு திரும்பி வராதீர்கள். 'எத்தனை மில்லிமீட்டர்? போன ஸ்கேனில் எத்தனை? இந்த வாரத்துக்கு இயல்பான அளவு எது?' என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வென்ட்ரிக்கிளின் அகலத்தை வார வயதோடு ஒப்பிடும் அட்டவணை 1981 முதலே இருக்கிறது. சுற்றியுள்ள வெள்ளைத் திசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அதில் வரும் சேதம் முதல் ஸ்கேன்களில் தெரியாது. வாரங்கள் கழித்துச் சின்னச் சின்ன நீர்க்குமிழ்களாகத் தெரியும். 40 வார ஸ்கேனை எடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் சந்தேகம் இருந்தால் டாக்டர் எம்.ஆர்.ஐ. சொல்லலாம், அதிலும் கதிர்வீச்சு இல்லை. பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றி, தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை

தலைச் சுற்றளவு: ஒரு வாரத்தில் 0.8 செ.மீ. இந்த வயதில், எடை ஏறிக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு இது இயல்பான வளர்ச்சி. வாரத்துக்கு 1 செ.மீ.யைத் தாண்டுவது இரண்டு வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் 2 செ.மீ. என்றால் அன்றைக்கே போங்கள். அளக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். இழுத்தால் நீளாத டேப் வேண்டும். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் மண்டை அதிகம் துருத்தும் இடத்தில், காதுக்கு மேலாகச் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து, பெரிய அளவை எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும், ஒரே ஆள் அளக்கட்டும். தினமும் அளந்தால் டேப் அரை சென்டிமீட்டர் முன்பின்னாகப் போவதை வளர்ச்சி என்று நினைத்துத் தூக்கம் கெடுவீர்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: குறைமாதக் குழந்தைக்கு உள்ளே அறை விரிந்து நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆன பிறகுதான் தலை வெளியே பெரிதாகும். அதனால் தலை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக ஸ்கேனை விட்டுவிட முடியாது.

உச்சிக்குழி: குழந்தை அழாமல் இருக்கும்போது, நிமிர்த்திப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று, சற்றே குழிந்தோ சமமாகவோ இருந்தால் சரி. அழும்போதும் படுத்திருக்கும்போதும் கொஞ்சம் உப்பும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அமைதியாக நிமிர்ந்திருக்கும்போதும் விம்மி இறுகியிருந்தால் அது அவசரம்.

கை கால் வெட்டுவது: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தூக்கத்தில் மட்டும் வருகிறது, எழுப்பினால் உடனே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அது தூக்கத்தில் வரும் சாதாரண வெட்டல். விழித்திருக்கும்போது கை நடுங்கி, நாம் மெல்லப் பிடித்ததும் நின்றால் அது பெரும்பாலும் வெறும் நடுக்கம். வலிப்பு என்றால், நாம் பிடித்தாலும் நிற்காது. பச்சிளங்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல உடம்பு முழுக்கத் தூக்கிப் போடவும் போடாது. கண் ஒரு பக்கம் இழுத்து நிற்கும், வாய் சும்மா சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் சுற்றும், நடுவில் மூச்சு நின்று உதடு நீலமாகும். எதுவானாலும் முகமும் கண்ணும் தெரிய செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் அரை மணி நேரம் விவரிப்பதைவிட அந்த அரை நிமிட வீடியோ எங்களுக்கு உதவும். உங்கள் மகளுக்குக் கசிவு இருந்ததால், தூக்க வெட்டல் என்றே எனக்குத் தோன்றினாலும் இந்த வீடியோவை இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க எழாமல் துவண்டு கிடப்பது, கிரீச்சென்ற மாறுபட்ட அழுகை, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை மட்டும் தெரிவது, மூச்சு நிற்பது, வெளுத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி

வேலைக்குப் போனதோ படி ஏறியதோ இதற்குக் காரணம் இல்லை. குழாய் கசிந்தது, குழந்தை 29 வாரத்தில் வெளியே வந்து மூச்சுவிட நேர்ந்ததால். அவ்வளவு சீக்கிரம் பிரசவம் ஏன் வந்தது என்பதற்குப் பல சமயம் எங்களாலேயே ஒரு காரணம் சொல்ல முடிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை அவருக்குக் காட்டுங்கள். குழந்தையின் நுரையீரலுக்காகப் போடுவதாக எல்லோரும் நினைக்கும் அந்த ஊசி, மூளைக் கசிவையும் குறைக்கிறது. இரண்டு மாதமாக அவர் யாரிடமும் பேசாமல் இருப்பதை வெறும் வருத்தம் என்று விடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் அவரையும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினால் அன்றைக்கே.

தங்கையின் குழந்தை

வாக்கும் வைத்த குழந்தையின் தலை வீக்கம் பெரும்பாலும் மண்டை ஓட்டுக்கு வெளியேதான். பிறந்தவுடனே இருந்து ஓரிரு நாளில் வடிவது வெறும் நீர்க்கோப்பு. சில மணி நேரம் கழித்துத் தெரிந்து, ஒரு எலும்பின் எல்லைக்குள் நின்று, வடிய வாரக்கணக்கில் ஆவது எலும்பு உறைக்கு அடியில் கட்டிய ரத்தம். அதை ஊசி குத்தி எடுக்கக் கூடாது, மஞ்சள் காமாலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்தானது மூன்றாவது வகை: தலை முழுக்க, கழுத்து வரை, கொழகொழவென்று பரவும் வீக்கம், கூடவே வெளுப்பு, வேகமான இதயத் துடிப்பு. அது பிறந்த முதல் நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகக்கூடியது, அப்போதே கவனித்திருப்பார்கள்.

குழந்தை நன்றாகப் பால் குடித்து, விழித்துப் பார்த்து இருந்தால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்கேன் எடுக்க நான் சொல்ல மாட்டேன். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் எந்தத் தொந்தரவும் இல்லாத 101 நிறைமாதக் குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, 46 பேருக்கு மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்லிய ரத்தப்படலம் இருந்தது. மூன்று மாதத்துக்குள் அது தானே மறைந்தது. தேடினால் கிடைக்கும்; கிடைத்ததை வைத்துச் செய்ய ஒன்றும் இருக்காது, கவலை மட்டும் மிஞ்சும். குழந்தை துவண்டாலோ, வலிப்போ மூச்சுத் தடங்கலோ வந்தாலோ கதை வேறு. அப்போது அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்பதோடு நிறுத்தக் கூடாது. உச்சிக்குழி வழியே மூளையின் நடு நன்றாகத் தெரியும், ஓரங்கள் சரியாகத் தெரியாது. நிறைமாதக் குழந்தைக்குக் கசிவதோ பெரும்பாலும் ஓரங்களில்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு குழந்தைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து, 'வைட்டமின் கே' ஊசி போட்டதாக எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரத்தம் உறைய அது வேண்டும். பிறக்கும்போது குழந்தையிடம் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. ஊசி போடாமல் விட்டால், நன்றாக இருந்த குழந்தைக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் திடீரென்று மூளையில் கசியலாம். முன்னதாகத் தொப்புளிலோ மூக்கிலோ கொஞ்சம் ரத்தம், காரணமில்லாத கன்றிய தழும்பு, இரண்டு வாரம் கடந்தும் போகாத மஞ்சள் காமாலையோடு வெளிறிய மலம், இப்படி ஏதாவது காட்டும், காட்டாமலும் போகும். சம்மரியில் அந்த வரி இல்லை என்றால் பிறந்த இடத்துக்கு போன் செய்து கேளுங்கள். போட்டதாகப் பதிவு இல்லை என்று சொன்னால், இப்போது போடலாமா என்று உங்கள் குழந்தை டாக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.